மேலே ஒரு லைன், கீழே ஒரு லைன்

என் மனைவி பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் அவள் யாருக்காகப் பேசுகிறாளோ அவர்கள் அவள் குரலைக் கேட்டதே இல்லை. காது கேளாத ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ போகிறார். அங்கே மேசைமேல் ஒரு திரை இருக்கும். திரையில் என் மனைவி இருப்பாள். டாக்டர் வாயால் சொல்வதைக் கேட்டுக் கையால் சொல்வாள். அவர் கையால் சொல்வதைப் பார்த்து டாக்டருக்கு வாயால் சொல்வாள். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுத்தான். அவளுக்கென்று மிச்சமிருந்த சொந்தப் பேச்சு எல்லாம் கொஞ்ச காலம் இன்டர்நெட்டைத் திட்டுவதிலேயே செலவானது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சைகை மொழியை அவள் படிப்பாகப் படித்துத் தொடங்கவில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்வார்கள், தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். திடீர் திடீரென்று கூடமே குலுங்கிச் சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்ததாம். கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகு தெரிந்தது, பாதிச் சிரிப்பு இவளைப் பற்றித்தான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். இவளுக்கு வைத்திருந்த பெயர், இரண்டு விரலால் புருவ நடுவைக் கிள்ளிக் காட்டுவது. சிடுமூஞ்சி என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரோடுதான் பிறகு தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கி, திரை வழியாக மொழிபெயர்க்கும் சேவையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

எங்கள் வீடு இரண்டு தளம். கீழே நாங்கள், மாடியில் என் அக்காவும் மாமாவும். வீடு கட்டிய புதிதில் மாமா பெயரில் ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினோம். ஒரே குடும்பத்துக்கு எதற்கு இரண்டு லைன் என்பது அக்காவின் கட்சி. மோடம் மாடியில், செருப்பு அலமாரிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து சிக்னல் படி வழியாக இறங்கி, படி திரும்புகிற இடத்தில் நான் செருகிவைத்த குட்டிப் பெட்டியில் கொஞ்சம் மூச்சு வாங்கி, எங்கள் கூடத்தைத் தாண்டிப் பின்பக்க அறைக்கு வந்து சேரும்போது அதற்கு நடக்கவே தெம்பு இருக்காது. அந்தப் பின்பக்க அறைதான் என் மனைவியின் அலுவலகம்.

முன்பு தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறை அது. ஒரு சுவருக்கு மட்டும் சாம்பல் கலந்த நீலத்தில் பெயின்ட் அடித்தோம். பின்னால் படம், காலண்டர் எதுவும் இருக்கக்கூடாது. கறுப்பு முழுக்கைச் சட்டைதான் போட வேண்டும், வளையல் ஆகாது, முகத்துக்கு நேரே விளக்கு எரிய வேண்டும். கையும் முகமும் தெளிவாகத் தெரிவதற்காக இத்தனை ஏற்பாடு. அந்தக் கையையும் முகத்தையும் வெளியே கொண்டுபோகிற கம்பி மட்டும் மாடியில், மாமாவின் பாலங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

பாலங்கள் என்றால், மாமா கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உலகத்தில் எங்கே பாலம் கட்டினாலும் அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டு, "இவன் தூக்கற கோணமே தப்பு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அக்காவுக்கு வேறு வேலை. அவள் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். மத்தியானம் வீடியோ காலைப் போட்டுத் தண்ணீர் ஜாடிமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தாயும் மகளும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். பேச்சே இருக்காது. அவ்வப்போது ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "இருக்கியா?" என்பாள். மற்றவள், "ம்" என்பாள். அவ்வளவுதான். அதை நிறுத்தச் சொல்ல எந்தக் கல் மனசுக்காரனுக்கு வாய் வரும்?

ஆனால் அந்த இரண்டும் மேலே ஓடும்போது கீழே என் மனைவி திரையில் கையைத் தூக்கினால், எதிர்ப்பக்கம் முதலில் கை போகும், விரல்கள் பின்னால் வரும். சில சமயம் விரல்கள் வரவே வராது.

கஸ்டமர் கேருக்குக் கூப்பிடுவாள்.

"மேடம், மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"காலையிலேர்ந்து அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்."

"இன்னொரு தடவை பண்ணுங்க மேடம். நான் லைன்லயே இருக்கேன்."

போனும் கையுமாக மாடி ஏறுவாள். மோடத்தை அணைத்த மறுகணம் உள்ளேயிருந்து அக்கா கத்துவாள். "யாரு நெட்டை நிறுத்தினது? பொண்ணு பேசிட்டு இருக்காடி!" பாலத்தின் நடுவில் தொங்கவிடப்பட்ட மாமாவும் எட்டிப் பார்ப்பார். இருவருக்கும் பதில் சொல்லிவிட்டு மறுபடி போனைக் காதில் வைத்தால், அந்தப் பையன் லைனில் இருக்கமாட்டான்.

நேரில் வந்து பார்க்கிற ரிப்பேர்க்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'வானிலை'. மழைக்காலத்தில் வந்தால், "ஈரம் இறங்கியிருக்கும்மா, அதான்" என்பார். வெயில் காலத்தில் வந்தால், "சூட்டுல வயர் இளகும்மா, அதான்" என்பார். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாத ஒரு நாளில் வந்து அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "காத்து" என்றார். என் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல் அடி ஒரு தச்சரிடமிருந்து வந்தது. காது கேளாதவர், நாற்காலி செய்வதில் பெயர் பெற்றவர். கடைக்கு மின் இணைப்பு மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனிதர், வார்த்தைக்கு வார்த்தை சிரித்துப் பேசினார். இவள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். லைன் விட்டு விட்டு வந்தது. எல்லாம் முடிந்த பிறகு தச்சர் திரையைப் பார்த்துக் கையால் கேட்டார்: "அந்த ஆளுக்கு என்மேல என்ன கோபம்?"

"அவருக்கு ஒரு கோபமும் இல்லையே."

"அவர் முகம் சிரிக்குது. உன் முகம் திட்டுது. நான் எதை நம்பறது?"

சைகை மொழியில் பாதி இலக்கணம் முகத்தில்தான் இருக்கிறது. கேள்வியா, சந்தேகமா, கண்டிப்பா, கெஞ்சலா என்பதைப் புருவமும் உதடும்தான் சொல்லும். இவள் லைன்மேல் காட்டிய எரிச்சலையெல்லாம் அந்த மனிதர் தனக்கு விழுந்த திட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார். படம் உறைந்து நிற்கும்போதெல்லாம் எரிச்சலும் சேர்ந்து உறைந்து, திரை நிறைய நின்றிருக்கிறது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "எத்தனை பேர் இப்படி நெனச்சிட்டுப் போயிருப்பாங்க? டாக்டர் திட்டினார், மேனேஜர் திட்டினார்னு. திட்டினது பூரா நான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதன் பிறகு முகத்தைப் பழக்கினாள். கழுத்துக்கு மேலே குளம் மாதிரி அமைதியாக இருப்பாள். மேசைக்கு அடியில் மட்டும் கால் தரையைப் போட்டு உதைத்துக்கொண்டிருக்கும். அறை வாசலில் நின்று பார்க்கிற எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு உயிரோடு இருக்க முடியாது என்பதால் நகர்ந்துவிடுவேன்.

இரண்டாவது அடி பெரிது. ஒரு தையல்கார அம்மா. அவருக்கும் காது கேட்காது. என் மனைவியின் கறுப்புச் சட்டைகளைத் தைத்துத் தருகிறவரே அவர்தான். மணிக்கட்டில் ஒரு கட்டி வந்து டாக்டரிடம் போயிருந்தார். டாக்டர் சொன்னது, இந்தக் கட்டிக்கு ஆபரேஷன் தேவையில்லை, தானாகவே கரைந்துவிடும் என்று. நம் பேச்சில் வேண்டுமா வேண்டாமா என்பது வாக்கியத்தின் வாலில்தானே தெரியும்? சைகையிலும் அப்படித்தான். கட்டி, ஆபரேஷன், தேவை என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில்தான் கையை வீசி இல்லை என்று முடிக்க வேண்டும். இவள் 'தேவை' வரைக்கும் வந்தாள். மாடியில் மாமா ஏதோ தொங்குபாலத்தைத் திறந்தார். திரை உறைந்தது. மறுபடி இணைப்பு வந்தபோது அறையில் வேறு நோயாளி உட்கார்ந்திருந்தார். இவள் தன் பக்கத்தில் கையை வீசி முடித்திருந்தாள். அது போய்ச் சேரவில்லை என்பது இவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை அந்த அம்மா கடையைப் பூட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு, துணிப்பையில் மாற்றுடையும் துண்டுமாக ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைமுன் வந்து நின்றார். ஆபரேஷனுக்கு வந்திருக்கிறேன் என்று மணிக்கட்டைக் காட்டினார். அவர்களுக்கு ஒன்றும் புரியாமல் என் மனைவியைத் திரையில் கூப்பிட்டார்கள். இவள் விஷயத்தை விளக்கியதும் அந்த அம்மா முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. கோபத்தில் அவர் சொன்னதை என் மனைவி எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

"போதும்" என்றாள் என்னிடம். "இந்தக் கம்பெனியை விடறோம். தெருமுனையில ஃபைபர்காரங்க குடை போட்டு உக்காந்திருக்காங்க இல்ல? நாளைக்கே பேசுங்க."

தெருமுனைக் குடைக்கடியில் ஒரு பெண் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "உங்க வீட்ல ஸ்பீடு எவ்வளவு வருது சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் பேசி ஒரு தாளை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். பின்னாலேயே என் மனைவியும் வந்தாள்.

மாமா தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "மாப்ள, இவ்வளவு ஸ்பீடை வச்சுக்கிட்டு நாம என்ன ராக்கெட்டா விடப்போறோம்?"

"அண்ணா, எனக்கு வேலைக்கு வேணும்" என்றாள் என் மனைவி.

"அதுக்கில்லம்மா. இவனுங்க நேத்து வந்தவனுங்க. நம்ம கம்பெனி அப்படியா? எத்தனை வருஷப் பழக்கம்!"

"பழகி என்ன அண்ணா பண்றது? கை போனா விரல் போகலையே!"

அக்கா குறுக்கே வந்தாள். "மாத்தற அன்னிக்கு நெட் நின்னு போச்சுன்னா? பொண்ணு பதறிடுவா. அப்புறம் சுவத்துல ஓட்டை வேற போடுவானாம். போன மாசம்தான் பெயின்ட் அடிச்சிருக்கு."

இழுபறிக்குப் பிறகு மாமா மனம் இறங்கினார். "சரி, உனக்காக. பேர் என் பேர்ல இருக்கு, நானே கூப்பிட்டு வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். என் மனைவி சந்தோஷமாகக் கீழே வந்தாள். மாமா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். வெகுநேரம் பேசினார். நடுவில் சிரித்தார். குழைந்தார். "அப்படியா? எனக்கா? சேச்சே!" என்றெல்லாம் குரல் கீழே கேட்டது.

படியிறங்கி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"முடிச்சுட்டேன்மா!"

"நிறுத்திட்டீங்களா அண்ணா?"

"அதெல்லாம் எதுக்கு? ஒரு பொண்ணு பேசிச்சு. என்ன மரியாதை! 'நீங்க எங்களோட மதிப்புமிக்க வாடிக்கையாளர் சார், உங்களை எப்படி சார் விடுவோம்'னுது. ஸ்பீடை ஏத்தித் தர்றாங்களாம். நாம ரெண்டு வருஷத்துக்கு அவங்களோடவே இருக்கறோம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்னாங்க. சொல்லிட்டேன்!"

நிறுத்தப் போனவர் நீட்டித்துவிட்டு வந்திருந்தார். என் மனைவி பின்பக்க அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே தரை அதிர்ந்தது. ஏற்றித் தருவதாகச் சொன்ன ஸ்பீடு வந்ததா என்று கேட்டால், வந்தது, மாடி வரைக்கும். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றால் பிரமாதமாக இருந்தது. படி இறங்கினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. கீழ்வீட்டுக்குத் தனியாக, தன் பெயரில், ஃபைபர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தாள். விஷயம் மாடிக்குப் போனதும் அக்கா இறங்கி வந்தாள். என் மனைவியைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"ஏண்டா, ஒரே வாசல், ஒரே தண்ணித் தொட்டி. நெட் மட்டும் தனித்தனியா? இன்னிக்கு வயரைப் பிரிப்பீங்க, நாளைக்கு வாசலைப் பிரிப்பீங்களா?"

"அக்கா, இது வெறும் வயர்."

"எல்லாம் வயர்லதான் ஆரம்பிக்கும்."

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், கம்பத்திலிருந்து கேபிள் எங்கள் வீட்டுக்கு வர ஒரே வழி அக்காவின் பால்கனிதான். கீழ்ப்பக்கம் இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர். ஃபைபர்காரர்கள் வந்து பார்த்து, "மேல சம்மதம் வாங்கி வைங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கேட்டேன். "என் பால்கனி வழியா ஒரு நூல்கூடப் போகாது" என்றாள் அக்கா. கீழே வந்து சொன்னேன். "உங்க அக்காதானே, நீங்கதான் பேசணும்" என்றாள் மனைவி. மேலே போனேன். "உன் பொண்டாட்டிதானே, நீதான் சொல்லணும்" என்றாள் அக்கா. என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தையல்கார அம்மா, தைத்து முடித்த சட்டைகளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே ஆறாத கோபத்தையும் எடுத்து வந்திருந்தார். என் மனைவி உள்ளே வேலையில் இருந்தாள், எழுந்து வர முடியாது. நான் மருந்து மொத்தக் கடையில் சரக்குப் பிரிக்கிறவன், அன்றைக்கு விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தேன். எனக்குத் தெரிந்த சைகை எல்லாம் 'வாங்க, உட்காருங்க' மட்டும்தான். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா, "யாருடா இது?" என்று எட்டிப் பார்த்தாள்.

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். இவளிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்வோம் என்று தோன்றியதோ என்னவோ, சட்டைகளை என் கையில் திணித்துவிட்டு ஆரம்பித்தார். முதலில் டாக்டரானார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்து என் மனைவியானார். கையைத் தூக்கி, கத்தி போல் மணிக்கட்டில் வைத்துக் காட்டி, அப்படியே நின்றார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது, கை அந்தரத்தில் நின்றது. அசையவே இல்லை. உறைந்த திரையை அப்படியே உரித்து வைத்த மாதிரி. அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பாய் விரித்துப் படுத்துப் புரண்டு புரண்டு தூக்கம் வராமல் கிடந்ததைக் காட்டினார். கடைப் பூட்டை இழுத்துப் பார்த்ததைக் காட்டினார். தைக்கிற கை இது என்று வலது கையை இடது கையால் பொத்திக் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வார்த்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஈரத் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டாள். "அன்னிக்கு மேல என்னடா ஓடிட்டிருந்தது? அவரோட பாலமா, என் போனா?"

"பாலம்தான்."

கொஞ்சம் நிம்மதியானாள். ஆனாலும் முகம் தெளியவில்லை. வேலை முடிந்து என் மனைவி வெளியே வந்தபோது, அவளை நேராகப் பார்த்து, "இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

"எத்தனை தடவை சொன்னேன் அண்ணி! நெட் சரியில்ல, நெட் சரியில்லன்னு."

"நெட் சரியில்லன்னுதான் சொன்னே. இதைச் சொல்லலையே."

"வயரை அந்த ஓரமா, ஜன்னலுக்கு மேல கொண்டு போகச் சொல்லு. பெயின்ட்ல கை வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அக்கா மாடிக்குப் போனாள்.

ஃபைபர் வந்தது. ஒரு முடி கனத்துக் கண்ணாடி இழை. அதைச் சின்ன இயந்திரத்தில் வைத்து ஒட்டி, பின்பக்க அறையிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். பெயின்ட்டில் கையும் வைத்தார்கள், அது வேறு சண்டை. முதல் நாள் என் மனைவி வெளியே வந்து, "அந்தப் பக்கம் இருக்கறவங்க நகத்துல அழுக்குக்கூடத் தெரியுதுங்க" என்றாள், ஏதோ கிடைக்காதது கிடைத்துவிட்ட மாதிரி.

அதோடு அவள் நிம்மதியாக இருந்தாளா என்றால், இல்லை. மாடியில் மாமாவின் பழைய லைன் இரண்டு வருஷ வாக்கில் மாட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டிருக்க, அக்கா மத்தியானமானால் போனை எடுத்துக்கொண்டு எங்கள் கூடத்துக்கு இறங்கி வர ஆரம்பித்தாள். மாமாவும் ஒரு நாள் பாலத்தோடு வந்தார். "ஓரமா உக்காந்துக்கறேன்மா, சத்தமே போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, "கோணமே தப்புடா!" என்று கத்தினார். உள்ளே இருந்து என் மனைவி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணா, உள்ள ஒருத்தருக்கு இதய டாக்டர் பேசிட்டிருக்கார். நீங்க கத்தினதுல எனக்கு அவர் பேச்சு காதுல விழல." அன்றிலிருந்து காதில் மாட்டிக்கொள்கிற ஹெட்போன் கருவி ஒன்று மாமாவுக்கு வாங்கப்பட்டது. வாயில் மாட்டுகிற கருவிதான் வேண்டும் என்று என் மனைவி சொன்னாள், கடையில் இல்லை.

அக்காவின் மகள் சமீபத்தில் ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அங்கே வாயைத் திறக்கக்கூடாது. போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுவாள். அக்கா இங்கிருந்து, "சாப்பிட்டியா?" என்றால், அவள் பதறிப்போய் உதட்டில் விரல் வைப்பாள். அக்காவுக்கு அது தாங்கவில்லை. ஒரு நாள் பின்பக்க அறை வாசலில் போய் நின்றாள்.

"ஏம்மா, சாப்பிட்டியான்னு கையால எப்படிக் கேக்கறது?"

என் மனைவி காட்டினாள். அக்கா கூடத்துக்கு வந்து போன் முன்னால் செய்தாள். அந்தப் பக்கம் மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். திரை அத்தனை தெளிவாக இருந்தும் அவளுக்குப் புரியவில்லை.

"அண்ணி, நீங்க கேட்டது பல் தேய்ச்சியான்னு" என்றாள் என் மனைவி கதவருகில் நின்று.

"நீ காட்டினதைத்தானே செஞ்சேன்!"

"நான் அப்படிக் காட்டலை. கை வாய்கிட்ட வந்து நிக்கணும். நீங்க ஏன் அதைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் ஆட்டறீங்க? முகத்துல கேள்வி எங்க?"

"என் முகம் இப்படித்தான் இருக்கும்."

"இருக்கக்கூடாது. புருவத்தைத் தூக்குங்க. இன்னும். ஐயோ, பயந்த மாதிரி இல்ல, கேக்கற மாதிரி."

அக்கா புருவத்தைத் தூக்கினாள். கையை வாயருகே கொண்டுபோனாள். திரையில் மகள் சிரித்துக்கொண்டே, சாப்பிட்டுவிட்டதாகத் தலையை ஆட்டினாள். அக்கா விடவில்லை. என்ன சாப்பிட்டாள் என்று கேட்க வேண்டுமாம். என் மனைவி நெற்றியில் கைவைத்துக்கொண்டு, அடுத்த அழைப்பு வருவதற்குள் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.